சத்திரத்துப் பெண்கள்: ஸ்ரீரங்கத்திலிருந்து மனோரா வரை ஒரு பயணம்

எங்கள் ஊர்த் தாயாருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: படிதாண்டா பத்தினி. ஸ்ரீரங்கம் கோயிலில் ரங்கநாயகித் தாயார் தன் சன்னதி வளாகத்தை விட்டு வெளியே வருவதில்லை. நம்பெருமாள் அப்படியல்ல. வீதி சுற்றுவார், ஆடி மாதம் அம்மா மண்டபத்துக்குப் போய்க் காவிரிக்குச் சீர் கொடுப்பார், பங்குனியில் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டு வருவார். திரும்பி வரும்போது தாயார் கதவைச் சாத்திக்கொள்வார். மட்டையடி என்று அதைத் திருவிழாவாகவே நடத்துகிறோம். கோபித்துக்கொள்ளும் உரிமை தாயாருக்கு உண்டு. வெளியே போகும் உரிமைதான் இல்லை.

சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு பெண்ணின் நினைவு வரும். அதே கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னதி இருக்கிறது. டெல்லி சுல்தானின் மகள். தன்னிடமிருந்த பெருமாள் விக்கிரகம் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டதென்று பின்னாலேயே புறப்பட்டு வந்தவள் என்பது கோயில் சொல்லும் கதை. வரலாறா, கற்பனையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். டெல்லியிலிருந்து காவிரிக்கரை வரை ஒரு பெண் தன் ஆசைக்காகப் பயணம் வந்தாள் என்று நம்பிய ஊர், அவளுக்குச் சப்பாத்தியும் வெண்ணெயும் படைக்கிறது. வீட்டுப் பெண்களுக்கு முன்மாதிரியாக மட்டும் படிதாண்டாதவளைக் காட்டுகிறது.

என் அம்மா எழுபது வயது வரை தானாகத் தீர்மானித்து ஓர் ஊருக்குப் போனதில்லை. கல்யாணம், சாவு, பிரசவம், நேர்த்திக்கடன் என்று யாராவது ஒரு காரணம் கொடுக்க வேண்டும். போன தை மாதம், "கடலைப் பார்க்கணும்டி, சும்மா" என்றாள். அந்த ‘சும்மா’வுக்காகத்தான் காரை எடுத்தேன். தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டாள். ஸ்ரீரங்கத்திலிருந்து தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக மல்லிப்பட்டினம் பக்கத்து மனோரா வரை போவதாகத் திட்டம். வெயிலும் வயலும் தென்னையும் கடலுமாக ஒருநாள் சுற்றுலா என்றுதான் கிளம்பினோம். அந்தச் சாலை முழுக்கப் பெண்களின் பெயர்கள் இருப்பதைப் போகப் போகத்தான் கவனித்தேன்.

புறப்படும் முன் அம்மா காலைக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது தலையாட்டி மறுத்தாள். "வழியில எங்கடி போறது?" என்றாள். இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

ஊருக்குள்ளேயே ஒரு சத்திரம்

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எங்கே போவதென்றாலும் 1-ஆம் நம்பர் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டைக் கடந்துதான் போகவேண்டும். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பேர் ‘சத்திரம், சத்திரம்’ என்று டிக்கெட் கேட்கிறோம். வழிப்போக்கர்கள் தங்கிப் போன ஒரு கட்டடத்தின் பெயரைச் சொல்கிறோம் என்ற நினைவே இருப்பதில்லை. ரயிலுக்கும் லாட்ஜுக்கும் முந்தைய காலத்தில் பயணத்தின் ஆதாரமே சத்திரம்தான். நடையாகவும் மாட்டுவண்டியிலும் போகிறவர்களுக்கு ஒரு நாள் தூரத்துக்கு ஒன்று வேண்டும். தங்க இடம், குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர், ஒரு வேளைச் சோறு, வெளியே மாட்டுக்கு நிழல். இவ்வளவும் காசில்லாமல் கிடைக்க வேண்டும்.

திருச்சியில் சாலையையும் சத்திரத்தையும் பற்றிப் பேசினால் ராணி மங்கம்மாளிடம்தான் தொடங்க வேண்டும். மதுரை நாயக்கர்களின் தலைநகரம் அப்போது திருச்சிராப்பள்ளி. மங்கம்மாள் சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682-இல் கணவர் இறந்தார். 1689-இல் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பனும் அம்மை கண்டு இறந்துபோனார். அப்போது மருமகள் சின்னமுத்தம்மாள் கர்ப்பிணி. உடன்கட்டை ஏறத் துணிந்தவளை மாமியார் தடுத்தார். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே அவள் உயிரை விட்டாள். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்குப் பட்டம் சூட்டிவிட்டு, அவன் பெயரில் 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை மங்கம்மாள் ஆட்சி செய்தார். மொகலாயப் படை தெற்கே இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. திருவிதாங்கூரோடு போர், காவிரித் தண்ணீருக்காக மைசூரோடு பூசல். இவ்வளவுக்கும் நடுவே அவர் போட்ட சாலைகளும் வைத்த மரங்களும் வெட்டிய குளங்களும்தான் மக்கள் நினைவில் நின்றன. மதுரையிலிருந்து தெற்கே போகும் பழைய வழிக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் இன்றும் சத்திரம் நிற்கிறது.

ஆனால் இந்தச் சாலைகளுக்கு நம் ஊர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். ராணி ஒருநாள் மறதியாக இடது கையால் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாளாம். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத்தான் சாலை போட்டாளாம், சத்திரம் கட்டினாளாம். ஓர் ஆண் அரசன் சாலை போட்டால் அதற்கு நிர்வாகத் திறன் என்று பெயர். அசோகர் மரம் நட்டதைப் பள்ளிப் பாடத்தில் அப்படித்தான் படித்தோம். ஒரு பெண் அதையே செய்தால் அவள் முதலில் ஒரு தவறு செய்திருக்க வேண்டும். சாலை என்பது வணிகமும் வரியும் படையும் போக வழி, தானியம் நகர வழி. இதையெல்லாம் யோசித்துத்தான் ஒரு ராணி பதினாறு பதினேழு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்திருப்பாள் என்று ஏற்க நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

அவர் முடிவைப் பற்றிய கதையும் இப்படித்தான். பேரனின் ஆட்கள் அவரைச் சிறைவைத்து, சோற்றைக் கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று சொல்வார்கள். ஊருக்கெல்லாம் சோறு போட்டவளுக்கு இப்படி ஒரு சாவைச் சொல்லும் கதையில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அந்தப் பேரனின் சிலையைக் குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் கோயிலில் இன்றும் பார்க்கலாம். 1732-இல் பேரன் வாரிசில்லாமல் இறந்தபின் அவர் மனைவி மீனாட்சி சில ஆண்டுகள் திருச்சியிலிருந்து ஆண்டார். சந்தா சாகிபின் சத்தியத்தை நம்பிக் கோட்டையை இழந்து, நஞ்சருந்தி இறந்தார். மதுரை நாயக்கர் ஆட்சி அவரோடு முடிந்தது. மலைக்கோட்டை அடிவாரத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கும் நாயக்கர் தர்பார் மண்டபம் சொக்கநாதர் காலத்தது என்கிறார்கள். ஊரார் அதைக் கூப்பிடுவது ராணி மங்கம்மாள் மகால் என்றுதான். கணவர் கட்டிய கட்டடத்தில் மனைவி பெயர் ஒட்டிக்கொண்டது தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை. அதைச் செய்தது எந்த அரசாணையும் இல்லை, ஊர்வாய்தான்.

தஞ்சாவூர்ச் சாலை

காவிரிப் பாலத்தைத் தாண்டி, துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் என்று போனோம். திருச்சிக்கும் தஞ்சைக்கும் நடுவே எல்லாம் வயலாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். செங்கிப்பட்டிப் பக்கம் செம்மண் மேடும் முந்திரியும்தான். வல்லம் தாண்டித் தஞ்சைக்குள் இறங்கிய பிறகே பச்சை தொடங்கும்.

நாலுவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. தோழிக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. பெரிய பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினோம். பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி வைத்திருந்த பையன் சாப்பிடப் போயிருந்தான். ஆண்கள் பக்கத்துக்குக் கதவே தேவைப்படவில்லை, சுவர் இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. தான் காப்பியைப் பாதியில் வைத்தது சரிதான் என்ற பார்வை மட்டும் இருந்தது. நம் வீடுகளில் பயணம் போகும் பெண்கள் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மூத்திரக்கடுப்பைப் பயணத்தின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ‘இயற்கைக் காட்சிகள் நிறைந்த பயணம்’ என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும்போது இந்த உடலை மனதில் வைத்து எழுதுவதில்லை.

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி 1676-இல் தொடங்கி 1855 வரை நீடித்தது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் பெரும்பாலும் இந்த நாட்டைக் கடந்துதான் போகவேண்டும். அந்த வழி நெடுக அரசர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் பெரும்பாலானவை அரண்மனைப் பெண்களின் பெயரால் அமைந்தவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம். கடலோரமாக மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம். ஊர்களுக்கே யமுனாம்பாள்புரம், முக்தாம்பாள்புரம் என்ற பெயர்கள் ஆவணங்களில் உண்டு.

பெயர் இருக்கிறது, சரி. பெயருக்கு உரியவள் யார்? யமுனாம்பாள் பிரதாபசிம்மரின் (1739–1763) மனைவி. இதற்கு மேல் அவரைப் பற்றிப் பொதுவாசகருக்கு எட்டுவது எதுவுமில்லை. அவர் என்ன படித்தார், எதற்குச் சிரித்தார், எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டார் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அதே பிரதாபசிம்மரின் அவையில்தான் முத்துப்பழனி என்ற கணிகை இருந்தார். ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். பெண்ணின் ஆசையைப் பெண்ணே சொன்ன நூல். 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை முழுமையாகப் பதிப்பித்தபோது ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு தடைசெய்தது. ஒரே அரண்மனை, ஒரே காலம். பேசாத பெண்ணின் பெயர் கல்லில் ஏறியது. பேசிய பெண்ணின் நூல் அச்சில் ஏறியதும் பறிமுதலானது. சத்திரங்களின் பெயர்ப்பலகைகளைப் பெண்ணுக்குச் செய்த மரியாதை என்று கொண்டாடும் முன் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முக்தாம்பாள்

தஞ்சையிலிருந்து தெற்கே திரும்பினால் கொஞ்ச நேரத்தில் கல்லணைக் கால்வாய் வந்துவிடும். இந்தப் பக்கத்தில் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் முடிந்த வேலை. அதற்கு முன் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. நெல் கதிர் முற்றி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சாலையின் ஒரு பாதியை அடைத்து உளுந்து காயவைத்திருந்தார்கள். வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரத்தநாட்டுச் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-இல் கட்டினார். முக்தாம்பாள் அவருடைய காமக்கிழத்தி. முறைப்படி மணந்த மனைவி அல்ல. இளவயதிலேயே இறந்துபோனார். தன் பெயரில் ஓர் அன்னசத்திரம் வைக்க வேண்டும் என்று சாகும்போது கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. கேட்டிருந்தால், அது எவ்வளவு யோசித்துக் கேட்ட வரம்! பட்டத்தரசிகளுக்குப் பிள்ளைகள் வழியாகப் பெயர் நிற்கும். வம்சாவளியில் இடமில்லாத ஒருத்தி, பசித்து வரும் யாரோ ஒருவரின் வாயில் தன் பெயர் நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். அரண்மனைக் குடும்ப மரத்தில் தேடினால் கிடைக்காத பெயரை, இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஒரத்தநாட்டில் டீக்கடையில் கேட்டால் வழி சொல்கிறார்கள்.

கட்டடம் பெரிது. யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போல அடித்தளத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே மரத்தூண்களும் முற்றங்களும். ஓடும் மரமும் சிதைந்து, செடி முளைத்த சுவர்கள். பின்னாளில் இங்கே மாணவர்கள் தங்கியும் படித்தும் இருக்கிறார்கள். சத்திரத்தோடு பள்ளியும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது சரபோஜி காலத்து ஏற்பாடுதான்.

1799-இல் தஞ்சை நாட்டின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் ஓய்வூதியமும்தான். அந்த நிலையில் 1801 ஜனவரியில் அவர் ஆங்கில ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களுக்கு விட்ட நிலங்களின் வருமானத்தில் கைவைக்காதீர்கள் என்பதுதான் சாரம். அதற்காகச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று விரிவாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகிகள், பக்கீர்கள் உட்பட வருகிற எல்லோருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமான்களும். நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு வைத்தியர். விஷக்கடிக்கு மருந்து. அநாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு. கைக்குழந்தைகளுக்குப் பால். பிறகு கர்ப்பிணிகளைப் பற்றி வருகிறது: அவர்களைப் பரிவோடு நடத்த வேண்டும், சத்திரத்தில் பிரசவமானால் செலவும் மருந்தும் சத்திரத்தைச் சேர்ந்தது, பிள்ளை பெற்ற பிறகு 3 மாதம் வரை அங்கேயே தங்கலாம்.

முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மூணு மாசமா? எனக்கு உன்னைப் பெத்து முப்பதாம் நாளே அடுப்படிக்கு வந்தாச்சு" என்றாள்.

அந்த 3 மாதத்தைப் பற்றித்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கர்ப்பிணிகள் சாலையில் இருந்திருக்கிறார்கள். ஓரிருவர் இருந்தால் விதி எழுத மாட்டார்கள். படிதாண்டா பத்தினிகளின் நாடு என்று சொல்லப்படும் இந்த மண்ணில், வயிற்றில் பிள்ளையோடு பெண்கள் பல நூறு மைல் நடந்திருக்கிறார்கள். புண்ணியம் தேடிச் சிலர், பஞ்சத்துக்குத் தப்பிச் சிலர், புருஷனுக்குத் தப்பியும் சிலர் இருந்திருப்பார்கள். பெண்கள் பயணம் செய்யவில்லை என்பது பொய். பயணம் செய்த பெண்களைப் பற்றி எழுதவில்லை என்பதுதான் உண்மை. அவர்கள் இருந்ததற்குச் சாட்சி ஒரு வரவுசெலவு விவரத்தில், ‘பிரசவச் செலவு’ என்று ஒளிந்துகொண்டிருக்கிறது. பெண்களின் வரலாற்றைத் தேடுகிற மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான்: மெய்க்கீர்த்திகளை விட்டுவிட்டுச் சமையல் கணக்கைப் படியுங்கள்.

அதே கணக்கு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறது. இந்தச் சோறு எங்கிருந்து வந்தது? சத்திரங்களுக்கு ஊர் ஊராக நிலம் விடப்பட்டிருந்தது. அந்த வயல்களில் சேற்றில் இறங்கியவர்கள் பண்ணையாட்கள். நாற்று நட்டவர்கள், களை பறித்தவர்கள், நெல் குத்தியவர்கள் பெண்கள். அவர்களுடைய உழைப்புக்கு வரம்பு கட்டும் சட்டம் என்று தஞ்சைக்கு ஒன்று வந்ததே 1952-இல்தான், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். ‘பறையர் வரை எல்லோருக்கும்’ என்று ராஜாவின் கடிதம் சொன்னாலும், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அது சொல்லவில்லை. சத்திரங்களைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. முக்தாம்பாளின் பெயர் கல்லில் இருக்கிறது. அவள் பெயரில் வெந்த அரிசியைக் குத்தியவளின் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. வழிப்போக்கியின் உடலுக்குப் பசிக்கும், நோகும், அதற்குப் பிரசவவலி வரும் என்று ஓர் அரசு நிறுவனம் ஒப்புக்கொண்டு அதற்குப் பணம் ஒதுக்கியது. நாலுவழிச் சாலை போட்டவர்கள் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

கடல்

பட்டுக்கோட்டையைத் தாண்டியதும் இருபுறமும் தென்னை. நடுநடுவே தலையில்லாத மரங்களும் வெட்டவெளியும். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் இந்தப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. பிறகு நட்ட கன்றுகள் இப்போது ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கின்றன. காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்ததும் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

மல்லிப்பட்டினத்தில் படகுகள் வந்திருந்தன. இது பாக் விரிகுடா. அலை அடிக்காத, கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத கடல். அந்தப் புல்லை மேய வரும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. கரையில் நண்டையும் மீனையும் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். கூடையோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்த ஓர் அக்காவிடம், "பஸ்தான் இப்ப காசில்லையேக்கா?" என்று தோழி கேட்டாள். "ஆளுக்குக் காசில்ல. கூடைக்கு முகம் சுளிப்பாங்கல்ல" என்றார். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு முதிய பெண்ணை நாற்றமடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சாலை எல்லோருக்கும் என்று அறிவிப்பது ஒன்று. எந்த உடலை, எந்த வாசனையை அது ஏற்கும் என்பது இன்னொன்று. ‘பறையர் வரை’ என்ற சொல்லைப் படித்தபோது எழுந்த அதே கேள்வி இங்கேயும் கூடையோடு நின்றது.

மனோரா கடலைப் பார்த்து நிற்கிறது. எட்டு நிலை, ஆறு பட்டை, சுமார் 75 அடி உயரம். சுற்றி அகழி. நெப்போலியன் வீழ்ந்ததையும் ஆங்கிலேயர் வென்றதையும் கொண்டாடி 1814-இல் சரபோஜி எழுப்பியது. கல்வெட்டில் ஆங்கிலேயரின் நண்பர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். 2004 சுனாமியில் சேதமாகிப் பிறகு பழுதுபார்க்கப்பட்டது. நாட்டை எடுத்துக்கொண்டவர்களுக்கு அதை இழந்தவர் கட்டிய வெற்றித்தூண் இது. ஒரத்தநாட்டில் ஒரு பெண்ணின் பெயரில் சோற்றுக்கூடம் கட்டிய அதே மனிதர், பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் கண்ணால் பார்க்காத ஒரு போருக்குக் கோபுரம் கட்டினார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் தெரிகிறது: சுற்றுலாப் பலகைகள் எல்லாம் கோபுரத்துக்குத்தான் வழி காட்டுகின்றன. சத்திரத்துக்கு டீக்கடையில் கேட்க வேண்டியிருந்தது.

அந்த நட்புக்குக் கம்பெனி என்ன மரியாதை செய்தது என்பதைச் சொல்லும் கதையும் ஒரு பெண்ணுடையதுதான். சரபோஜியின் மகன் சிவாஜி ஆண்வாரிசு வேண்டிக் கடைசிக் காலத்தில் 17 பெண்களை ஒரேயடியாக மணந்தார். 1855 அக்டோபரில் வாரிசில்லாமல் இறந்தார். மறு ஆண்டு கம்பெனி அதிகாரி படையோடு அரண்மனைக்குள் நுழைந்து நகை, நூல், நிலம் என்று எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தார். நாட்டை மட்டுமல்லாமல் விதவைகளின் சொந்தச் சொத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். அங்கே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. கம்பெனி தரப்பு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. இது ஓர் அரசின் செயல், இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1859-இல் பிரிவி கவுன்சில் கைவிரித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. ‘காமாட்சி பாய் வழக்கு’ என்றே பெயர். ஆனால் வழக்கு கிளப்பிய சத்தம் அடங்கவில்லை. 1862-இல் சொந்தச் சொத்துகளை ராணிகளிடம் அரசு திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கோஷாவில் இருந்த பெண் அவர். அவர் காலடி படாத லண்டன் வரை அவர் பெயர் போனது. தஞ்சைச் சத்திரங்களில் உள்ள பெயர்கள் ஆண்கள் வைத்தவை. காமாட்சி பாயின் பெயர் சட்டப் புத்தகத்தில் இருப்பது அவரே வைத்த வழக்கால். அவர் பெயரில் இந்தச் சாலையில் ஒரு நிழற்குடைகூட நான் பார்க்கவில்லை.

மனோராவின் அகழிச் சுவரில் உட்கார்ந்து அம்மா கடலைப் பார்த்தாள். "அலையே இல்லையே, குளம் மாதிரி இருக்கு" என்றாள் முதலில் ஏமாற்றத்தோடு. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கினாள். வெகுதூரம் வரை முழங்கால் ஆழம்தான். பயமில்லாமல் நடந்துகொண்டே போனாள். நாங்கள் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

திரும்பும் வழி

திரும்பும்போது பட்டுக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். கடையை நடத்துகிறவர் ஒரு பெண். பின்கட்டில் அவர் வீட்டுக் கழிப்பறையைக் காட்டி, "போயிட்டு வாங்கம்மா, யாரும் வரமாட்டாங்க" என்றார். கேட்காமலே சொன்னார். அம்மா வெளியே வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். அன்று அவள் குடித்த முதல் தண்ணீர் அது.

1855-க்குப் பிறகு சத்திரங்கள் கலெக்டர் நிர்வாகத்துக்குப் போயின. இன்றும் தஞ்சாவூரில் சத்திர நிர்வாகத்துக்கு என்று வருவாய்த்துறையில் தனி வட்டாட்சியர் இருக்கிறார். நிலங்கள் இருக்கின்றன. கட்டடங்கள் சில இடிகின்றன, சில பள்ளியாகவும் விடுதியாகவும் பயன்பட்டன. இவற்றைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று அடிக்கடிக் கோரிக்கை எழுகிறது. எனக்கு ஆசை வேறு. ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் ஒரு மூலையில், பயணம் போகும் பெண்களுக்கு இரவும் பகலும் பூட்டாத கழிப்பறையும் குடிநீரும் பால் கொடுக்க ஓர் அறையும் இருக்கட்டும். அதுதான் முக்தாம்பாள் கேட்டதற்கு மிக அருகில் வரும். இலவசப் பேருந்து படியைத் தாண்ட வைத்துவிட்டது. தாண்டிய பிறகு உட்கார, ஒதுங்க, சாப்பிட, களைத்தால் படுக்க இடம் வேண்டுமே. பயண உரிமை என்பது டிக்கெட்டோடு முடிவதில்லை என்று 1801-ஆம் ஆண்டுக் கடிதத்துக்கே தெரிந்திருக்கிறது.

இரவு ஒன்பதரைக்குக் காவிரிப் பாலம் ஏறினோம். ராஜகோபுர விளக்கு தெரிந்தது. அம்மா பின் இருக்கையில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று, "அடுத்த தடவை ஒரு ராத்திரி தங்கறாப்ல போவோம்டி. அந்த மணமேல்குடியில ஒரு சத்திரம் இருக்குன்னியே, அவ யாரு?" என்றாள்.

திரௌபதாம்பாள் யார் என்று எனக்கும் தெரியாது. போய்க் கேட்கவேண்டும்.